பாரிஸில் வான்கோழி விருந்து

அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாளான தேங்க்ஸ்கிவிங் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதை நாடு முழுமைக்குமான நாளாக அறிவித்தார். எந்த வியாழன் என்ற இழுபறியை 1941இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தீர்த்து வைத்தது. அன்று அங்கே அலுவலகம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. படிக்கப் போன பிள்ளை, வேலைக்குப் போன பிள்ளை எல்லாம் எப்பாடுபட்டாவது வீடு வந்து சேரும். பாரிஸில் அது வேலை நாள். மெட்ரோ வழக்கம்போல் ஓடும், வகுப்புகள் நடக்கும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

ஒரு பருவமோ ஓராண்டோ படிக்கவென்று பாரிஸுக்கு வரும் அமெரிக்க மாணவர்கள் பலர். மோன்பர்னாஸ் பக்கம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட் ஹால் இருக்கிறது. 1962இல் தொடங்கிய பாரிஸ் அமெரிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரின் தென் ஓரத்தில், சித்தே யூனிவர்சித்தேர் என்ற பெரிய மாணவர் குடியிருப்பு வளாகத்தில் 1930இல் திறக்கப்பட்ட அமெரிக்க இல்லம் நிற்கிறது. இந்திய இல்லமும் அதே வளாகத்தில்தான். இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே வீட்டைப் பிரிந்திருக்கும் முதல் தேங்க்ஸ்கிவிங். வீட்டில் இருந்தவரை வான்கோழி அம்மாவின் பொறுப்பு அல்லது பாட்டியின் பொறுப்பு. உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக் கொடுத்ததோடு இவர்கள் வேலை முடிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் நான்கைந்து பேர் கூடி, ஆள் திரும்ப இடமில்லாத அடுப்படியில், அமெரிக்க ஆண்டின் மிகப் பெரிய சாப்பாட்டைச் சமைக்கத் துணிகிறார்கள். அந்தத் துணிச்சல் மதிக்கத்தக்கது. கை தேர்ந்த சமையல்காரரையே திணறடிக்கும் வேலை அது.

விருந்தின் பட்டியல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முழு வான்கோழி, ரொட்டித் துண்டுகளில் செய்த ஸ்டஃபிங், மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, கிரான்பெர்ரி சாஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பச்சை பீன்ஸ், கடைசியில் பரங்கிக்காய் பை. இவ்வளவும் ஆதியிலிருந்தே வருகிறது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள்; ஒன்று குறைந்தாலும் பண்டிகை கெட்டுவிடும் என்று பதறுகிறார்கள். பதறத் தேவையில்லை. 1621இல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் மூன்று நாள் கூடி உண்டபோது இருந்தவை மான் இறைச்சி, காட்டுப் பறவைகள், மக்காச்சோளம் போன்றவை. உருளைக்கிழங்கு அந்தப் பகுதிக்கு அப்போது வந்திருக்கவே இல்லை. இன்றைய பட்டியல் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. இந்த நாளை நாட்டு விழாவாக்கப் பல ஆண்டுகள் விடாமல் எழுதிவந்த பத்திரிகை ஆசிரியை சாரா ஜோசஃபா ஹேல், 1827இல் வெளிவந்த தம் நாவலிலேயே அத்தகைய விருந்து ஒன்றை விரிவாக வர்ணித்திருந்தார். பீன்ஸை காளான் சூப்பில் கலந்து சுடும் வழக்கமோ 1955இல் காம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் பிறந்தது. காலந்தோறும் மாறிவந்த பட்டியலை பாரிஸில் இன்னும் கொஞ்சம் மாற்றிக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை.

மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் கிழமை. வியாழன் மாலை வகுப்பு விட்டு வந்து இந்தச் சமையலைத் தொடங்கினால் நள்ளிரவுக்குத்தான் இலை போட முடியும். அதனால் பெரும்பாலோர் விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறார்கள். அமெரிக்காவில் இது பிற்பகலில் தொடங்கும் சாப்பாடு. பிரெஞ்சுக்காரர்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் உட்காருவார்கள். பழக்கமில்லாத சமையல்காரருக்கு இதைவிட நல்ல சலுகை வேறில்லை. சனிக்கிழமை பகல் முழுதும் அவர்கள் கையில் இருக்கிறது.

அடுத்தது வான்கோழி. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்கக் கடைகளில் நவம்பர் முழுவதும் ஐந்து கிலோ, ஏழு கிலோ, அதற்கும் மேலான பறவைகள் உறைபெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். போன கையோடு எடுத்து வரலாம். பிரான்ஸில் முழு வான்கோழி கிறிஸ்துமஸுக்கு உரியது. நவம்பரில் இறைச்சிக் கடைகளில் தொடையும் நெஞ்சுக்கறித் துண்டுகளும் கிடைக்குமே தவிர, முழுப் பறவை வேண்டுமென்றால் கடைக்காரரிடம் ஒரு வாரமாவது முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். வருவதும் சிறிய பறவை, பெரும்பாலும் மூன்று முதல் நான்கு கிலோ. ஏமாற்றமாகத் தோன்றினாலும் இது நன்மையே. நான்கு கிலோ பறவை ஆறு முதல் எட்டுப் பேருக்குப் போதும், சீக்கிரம் வெந்துவிடும், சிறிய ஓவனிலும் நுழையும்.

பாஸ்தீயுக்குக் கிழக்கே அலீகர் சந்தையில், பழைய மூடு சந்தைக் கட்டடத்துக்குள் பறவை இறைச்சி விற்கும் கடைகள் உண்டு. அங்கே சொல்லிவைத்த வான்கோழியை வாங்கும் தருணம் பார்க்க வேண்டிய ஒன்று. பறவை தலையும் காலும் கழுத்து இறகுமாகவே பலகைக்கு வரும். பிளாஸ்டிக் உறையில் வெளுத்த கோழியை மட்டுமே கண்டவர்கள் அந்த நீல நிறத் தலையைப் பார்த்து ஓரடி பின்வாங்குவார்கள். கடைக்காரர் கனமான கத்தியால் தலையையும் கால்களையும் ஒரே வெட்டில் எடுப்பார். தோலில் மிஞ்சிய முள் இறகுகளை நெருப்புச் சுடரில் காட்டிப் பொசுக்குவார். கருகிய மயிர் வாடை ஒரு கணம் எழுந்து அடங்கும். வயிற்றுக்குள் கைவிட்டுக் குடலை நீக்கி, ஈரலையும் இரைப்பையையும் தனியே வைத்து, வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்பார். வேண்டும் என்று சொல்ல வேண்டும். கழுத்தும் இரைப்பையும்தான் கிரேவிக்கான சாற்றைத் தரும். கடைசியில் சிறகையும் தொடையையும் உடலோடு அணைத்து நூலால் கட்டிக் கொடுப்பார். இதற்கெல்லாம் தனிக் கூலி கேட்பதில்லை. பறவையை எப்படிச் சமைப்பது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், வரிசையில் நிற்கும் மூதாட்டிகளும் சேர்ந்து வெண்ணெயின் அளவு வரை சொல்லித் தருவார்கள். புதிதாகச் சமைப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அந்த ஊரில் சமையலைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவே அல்ல.

பறவையைச் சொல்லிவைக்கும் முன்பே ஓவனை அளந்துவிட வேண்டும். பாரிஸின் ஒற்றை அறை வீடுகளில் இரண்டு மின் அடுப்புகளும் மேசைமேல் வைக்கும் சிறு ஓவனும்தான் இருக்கும். மாணவர் விடுதிப் பொது அடுப்படிகள் சிலவற்றில் அதுவும் இராது. அளவு நாடாவால் ஓவனின் உள் உயரத்தையும் அகலத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே புத்திசாலித்தனம். முழுப் பறவை நுழையாதென்றால் கடைக்காரரையே நெஞ்சு தனியாக, தொடைகள் தனியாக வெட்டித் தரச் சொல்லலாம். நெஞ்சுப் பகுதியை எலும்போடு சிறு ஓவனில் வாட்டலாம். தொடைகளை வெங்காயம், கேரட், கொஞ்சம் வெள்ளை ஒயின், இறைச்சிச் சாறு சேர்த்து மூடிய கனமான பாத்திரத்தில், மெல்லிய சூட்டில் ஒன்றரை மணி நேரம் வேகவிடலாம். மேசையில் முழுப் பறவை வந்து நிற்கும் அழகு போய்விடும், உண்மைதான். ஆனால் நெஞ்சு உலர்ந்து நாராகி, தொடை வேகாமல் நிற்கும் பழைய சிக்கலும் போய்விடும். சுவைக்காகப் பார்த்தால் வெட்டிச் சமைப்பதே மேல்.

மின்சாரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சிறு வீடுகள் பலவற்றின் மின் இணைப்பு சுமார் 3 கிலோவாட் வரைதான் தாங்கும். 1500 வாட் ஓவன் ஓடும்போது 2000 வாட் கெட்டிலைத் தட்டினால் வீடு முழுக்க இருண்டுவிடும். ஓவன் ஓடும் நேரத்தில் அறைச் சூடேற்றியை அணைத்து, அடுப்பில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அளவுகளின் குழப்பம் தனி. அமெரிக்கச் செய்முறை 325 டிகிரி என்று சொன்னால் அது ஃபாரன்ஹீட். பிரெஞ்சு ஓவனில் ஏறக்குறைய 163 டிகிரி செல்சியஸ். பழைய ஓவன்களில் டிகிரியே இராது, 1 முதல் 10 வரை எண்கள்தான் இருக்கும். ஓர் எண்ணுக்கு 30 டிகிரி என்று பெருக்கிக்கொள்ள வேண்டும். 6 என்றால் 180. அமெரிக்க வெண்ணெய்க் குச்சி ஒன்று 113 கிராம், பிரெஞ்சு வெண்ணெய்க் கட்டி 250 கிராம். ஒரு கப் மாவு என்பது 120 முதல் 125 கிராம். பத்து யூரோவுக்குள் கிடைக்கும் சிறிய எடைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

இறைச்சியின் உள்ளே செருகிப் பார்க்கும் வெப்பமானி அதைவிட முக்கியம். நிறத்தையும் நேரத்தையும் நம்பி வான்கோழி சமைக்கக் கூடாது. தொடையின் உள்மடிப்பிலும் நெஞ்சின் தடித்த இடத்திலும், எலும்பில் படாமல் செருகிப் பார்த்து, 74 டிகிரி செல்சியஸ் காட்டினால்தான் வெந்தது. நான்கு கிலோ பறவை 163 டிகிரியில் இந்த நிலைக்கு வர இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். வெளியே எடுத்து இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகே வெட்ட வேண்டும். அப்போதுதான் சாறு இறைச்சியிலேயே தங்கும். ஸ்டஃபிங்கை வயிற்றுக்குள் திணிக்காமல் தனித் தட்டில் சுட வேண்டும். உள்ளே திணித்தால் அதுவும் 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும், அதற்குள் நெஞ்சுக்கறி காய்ந்துவிடும். பறவையைக் குழாயடியில் கழுவுவதும் கூடாது. தெறிக்கும் நீரில் கிருமிகள் அடுப்படி முழுவதும் பரவும். உறைந்த பறவை கிடைத்தால், குளிர்பெட்டியில் இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உருகவிட வேண்டும். மாணவர்களின் இடுப்பளவுக் குளிர்பெட்டியில் அதற்கு இடம் இருக்காது என்பதால், முந்தைய நாள் வாங்கும் புதிய பறவையே அவர்களுக்கு ஏற்றது.

மற்றப் பொருள்களைத் தேடும் வழியில் இந்த விருந்து தமிழர்களின் தெருவுக்கும் வந்து சேர்கிறது. சித்தே யூனிவர்சித்தேர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி ரயில் ஏறினால் நேராக கார் து நோர் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஃபோபூர் சேன் தெனி தெருவில் வடக்கே நடந்தால் லா ஷப்பேல். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் வளர்த்தெடுத்த கடைத்தெரு இது. மாணிக்க விநாயகர் ஆலயமும் அருகில்தான், பஜோல் தெருவில். பல்பொருள் அங்காடியில் சிறு குப்பிகளில் விலை உயர்ந்து நிற்கும் மசாலாக்கள் இங்கே பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கின்றன. பரங்கிக்காய் பைக்கு வேண்டிய நான்கும் நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்குகளே: கறுவா, கராம்பு, சாதிக்காய், வேர்க்கொம்பு. இலங்கைக் கறுவா மென்மையான மணம் உடையது. அமெரிக்கர்கள் பழகிய காசியாப் பட்டை காரமானது. ஆகவே செய்முறையில் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போட வேண்டும்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இந்தத் தெருவில் குவிந்திருக்கும். அதிலும் கவனம் தேவை. சிவந்த தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கு மாவுப் பாங்கானது. அமெரிக்க விருந்துக்கு வேண்டியது ஈரப்பதம் மிக்க ஆரஞ்சுச் சதை. மேல் தோல் ஏமாற்றும் என்பதால், நுனி முறிந்த கிழங்கு ஒன்றைத் தேடிச் சதையின் நிறம் பார்த்து வாங்குவதே வழி.

பரங்கிக்காய் விழுது அமெரிக்காவில் டின்னில் வரும். பாரிஸில் அதைத் தேடி அலைவதைவிடச் சந்தையில் பொத்திமரோன் வாங்குவது நல்லது. செங்கல் நிறத்தில், இரண்டு கைக்குள் அடங்கும் சிறு பரங்கி அது, செஸ்நட் கொட்டையின் சுவை கொண்டது, தோலோடு உண்ணலாம். துண்டுகளாக்கி இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி நீரை வடித்து மசித்தால் டின் விழுது அதன் அருகில் வர முடியாது. 425 கிராம் விழுதுக்கு இரண்டு முட்டை, 150 கிராம் சர்க்கரை, ஒன்றரைக் கோப்பை சர்க்கரை சேராத சுண்டிய பால், ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், அரைத் தேக்கரண்டி வேர்க்கொம்புத்தூள், கால் தேக்கரண்டி கராம்புத்தூள், ஒரு சிட்டிகை சாதிக்காய். பையின் அடிமாவு எல்லா அங்காடிகளிலும் உருட்டித் தேய்த்துச் சுருட்டி விற்கப்படுகிறது. அதை வாங்குவதில் வெட்கம் வேண்டாம், பிரெஞ்சு வீடுகளிலேயே அதைத்தான் வாங்குகிறார்கள். 220 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 175க்கு இறக்கி 40 முதல் 50 நிமிடம். நடுப்பகுதி லேசாக அசையும் பதத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே இறுகும். இதை வெள்ளிக்கிழமை இரவே செய்து முடித்துவிடலாம்.

கிரான்பெர்ரிதான் அரிது. மரே பகுதியில் சேன் போல் தெருவில், பண்டிகையின் பெயரையே பெயராகக் கொண்ட அமெரிக்க மளிகைக் கடை வெளிநாட்டு அமெரிக்கர்களிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. போன் மார்ஷே அங்காடியின் பெரிய உணவுக் கூடத்திலும் அமெரிக்கப் பொருள்கள் உண்டு. இரண்டிலும் விலை அதிகம். பழம் கிடைத்தால், 340 கிராமுக்கு 200 கிராம் சர்க்கரையும் ஒரு கோப்பை நீரும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பழங்கள் பட்பட்டென்று வெடித்து, தம்மிடமுள்ள பெக்டினாலேயே கூழாக இறுகும். கிடைக்காவிட்டால் போத்தலில் வரும் ஐரேல் பழமோ சிவப்புக் குரோசே ஜெல்லியோ போதும். வேண்டியது கொழுப்பை அறுக்கும் புளிப்பு, அவ்வளவே.

எஞ்சியவை எளிது. மிஞ்சிப்போன பகெத் ரொட்டி ஸ்டஃபிங்குக்கு அருமையாகப் பொருந்தும். வெங்காயம், செலரி, சேஜ் இலை, வெண்ணெய், சாறு சேர்த்துச் சுட வேண்டும். மசிப்பதற்கு பின்ட்ஜே போன்ற மாவு உருளைக்கிழங்கு. எது மசியலுக்கு உரியது என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பீன்ஸுக்கு பிக்கார் கடையின் உறைந்த பீன்ஸ், டின் சூப்புக்குப் பதிலாகப் புதிய காளானும் க்ரீமும்.

அனுபவமில்லாதவர்களின் விருந்து கெடுவது பெரும்பாலும் கைப்பக்குவம் போதாமல் அல்ல, எல்லாவற்றையும் கடைசி மூன்று மணி நேரத்தில் செய்யப் பார்ப்பதால். சாஸை மூன்று நாள் முன்பே செய்துவைக்கலாம். கழுத்துச் சாறும் பையும் முந்தைய இரவில். சனிக்கிழமை ஓவன் பறவைக்கு மட்டும். அது ஆறும் இருபது நிமிடத்தில் ஸ்டஃபிங்கும் கிழங்கும் உள்ளே போய்ச் சூடேறும், தட்டில் இறங்கிய கொழுப்பில் மாவைப் பிரட்டிச் சாறு ஊற்றி கிரேவி கிளறி முடிக்கலாம். வேறு வேறு வீடுகளில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பண்டம் ஏற்றுக்கொண்டால் பாரம் குறையும். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மாலைகளில், துண்டில் சுற்றிய சூடான பாத்திரத்தை மடியில் அணைத்தபடி மெட்ரோவில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். பெட்டி முழுதும் வெண்ணெயும் சேஜும் மணக்கும்.

மேசையில் இரு நாட்டுப் பழக்கங்களும் சந்திக்கின்றன. ஹெரால்ட் டிரிப்யூனின் பாரிஸ் பதிப்பில் ஆர்ட் புக்வால்ட் 1950களில் இந்தப் பண்டிகையைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விளக்கி எழுதிய பத்தி ஆண்டுதோறும் மறுபிரசுரமானது. விளக்கத்தின் தேவை இன்றும் தீரவில்லை. பிரெஞ்சு விருந்தாளி ஒயினோடு வருவார். முந்தைய வாரத்து வியாழனன்றுதான் அந்த ஆண்டின் புதிய போஜோலே கடைக்கு வந்திருக்கும். மென்மையான அந்தச் சிவப்பு ஒயின் வான்கோழிக்கு ஒத்துப்போகும். முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று வரிசையாக உண்டு பழகியவருக்கு, எல்லாப் பண்டமும் ஒரே நேரத்தில் மேசையில் நிற்பது விந்தையாக இருக்கும். இறைச்சிக்குப் பக்கத்தில் மார்ஷ்மெல்லோ உருகிய இனிப்புக் கிழங்கு இன்னும் விந்தை. ஆனால் பொத்திமரோன் பையை அவர்கள் மறுமுறை கேட்டு வாங்கி உண்பார்கள். சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று சொல்லும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. விருந்தாளிகளும் தயங்கித் தயங்கி அதில் கலந்துகொள்கிறார்கள்.

சமைத்த இறைச்சி அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பேச்சு நள்ளிரவு வரை நீளும் என்பதால், பை வரும் முன்பே யாராவது ஒருவர் எழுந்து மிச்சத்தை எலும்பிலிருந்து பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். எலும்புக்கூட்டை வெங்காயத்தோடு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு சூப் ஆயிற்று. குளிர்ந்த இறைச்சியையும் மிஞ்சிய சாஸையும் பகெத்தில் வைத்து உண்டால் திங்கட்கிழமை மதியச் சாப்பாடும் ஆயிற்று. குளிர்பெட்டியில் அது மூன்று முதல் நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வைப்பதானால் உறைபெட்டியில்தான் வைக்க வேண்டும்.